எந்த போர்டில் சான்றிதழ் வாங்குவது? அமெரிக்காவில் இருக்கும் டாக்டர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஜூனியர் ஒருவன் கூப்பிட்டான். மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, இங்கே இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சியின், அதாவது மருத்துவமனையில் செய்யும் முதுநிலைப் பயிற்சியின், கடைசி வருடத்தில் இருப்பவன். "அண்ணா, ஏ.பி.ஐ.எம். பரீட்சைக்கு 1,400 டாலருக்கு மேல கேக்குறாங்க. வேற ஒரு போர்டு இருக்காம். பரீட்சையே கிடையாதாம், 50 மணி நேரம் சி.எம்.இ. காட்டினா போதுமாம். அதையே வாங்கிடலாமா?" ஏ.பி.ஐ.எம். என்பது இன்டர்னல் மெடிசினுக்குச் சிறப்புச் சான்றிதழ் தரும் போர்டு. சி.எம்.இ. என்பது டாக்டர்கள் பயிற்சி முடித்த பிறகும் தொடர்ந்து படிக்கும் கல்வி.

"வேலைக்குக் கையெழுத்துப் போட்டியே, அந்த ஒப்பந்தம் பக்கத்துல இருக்கா? அதுல 'போர்டு'ங்கிற வார்த்தை எங்கெல்லாம் வருதுன்னு தேடிப் பாரு" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் வாசித்துக் காட்டினான். சேர்ந்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் ஏ.பி.எம்.எஸ். அல்லது ஏ.ஓ.ஏ. என்ற இரண்டு தாய் அமைப்புகளைச் சேர்ந்த போர்டு ஒன்றில் சான்றிதழ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மருத்துவமனை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று ஏழாம் பக்கத்தில் எழுதியிருந்தது. அவன் சொன்ன போர்டு இந்த இரண்டிலும் சேராதது. அவன் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

போர்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் கட்டணம், பரீட்சையின் கடினம், கூட்டாளிகள் எதை எழுதினார்கள் என்று பார்க்கிறார்கள். நான் சொல்வது வேறு வரிசை. நாளைக்கு அந்தச் சான்றிதழை உங்களிடம் யார் கேட்கப் போகிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

நம் ஊரில் எம்.டி. என்றால் முதுநிலைப் பட்டம். அமெரிக்காவில் எம்.டி. என்பது அடிப்படை மருத்துவப் பட்டம், நம் எம்.பி.பி.எஸ். இருக்கும் இடத்தில் இருப்பது. நாம் 'ஸ்பெஷலிஸ்ட்' என்று சொல்வதை இங்கே காட்டுவது போர்டு சான்றிதழ்தான். ஊரில் டி.என்.பி. முடித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: கல்லூரிக்கு வெளியே, தேசிய அளவில் ஓர் அமைப்பு பரீட்சை வைத்துத் தகுதி தருகிற ஏற்பாடு.

ஆனால் இங்கே அந்த அமைப்பு அரசு இல்லை. மருத்துவம் பார்க்க லைசென்ஸ் கொடுப்பது மாநில மருத்துவ வாரியம். போர்டு சான்றிதழ் தருவது லாபநோக்கமற்ற தனியார் அமைப்பு. சட்டப்படி போர்டு கட்டாயமில்லை. லைசென்ஸ் மட்டும் இருந்தாலே ஒரு கிளினிக் திறந்து உட்காரலாம், மெடிகேரில் (பெரும்பாலும் முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடு) பதிவு செய்யவும் போர்டு தேவையில்லை. ஆனால் மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் கேட்கும்போதுதான் அது இல்லாத குறை தெரியும்.

படி 1: யார் யார் இருக்கிறார்கள்

ஏ.பி.எம்.எஸ். 1933-ல் தொடங்கியது. அதன் குடையின் கீழ் இன்று 24 உறுப்பு போர்டுகள் இருக்கின்றன. இன்டர்னல் மெடிசினுக்கு ஏ.பி.ஐ.எம்., ஃபேமிலி மெடிசினுக்கு ஏ.பி.எஃப்.எம்., மயக்கவியலுக்கு ஏ.பி.ஏ., கதிரியக்கவியலுக்கு ஏ.பி.ஆர். என்று துறைக்கு ஒன்று. சான்றிதழ் தருவது இந்த உறுப்பு போர்டுதான், தாய் அமைப்பு நேரடியாகத் தருவதில்லை.

ஏ.ஓ.ஏ. என்பது ஆஸ்டியோபதி மருத்துவர்களின் சங்கம். எம்.டி.க்கு இணையான டி.ஓ. பட்டம் பெற்றவர்களுக்காக வளர்ந்த போர்டுகள் இதனுடையவை. 2020-ல் எம்.டி., டி.ஓ. இரு தரப்பு ரெசிடென்சிகளும் ஒரே அங்கீகாரத்தின் கீழ் வந்தன. அதனால் இன்று டி.ஓ. ஒருவருக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. எம்.டி.க்களும் ஏ.ஓ.ஏ. போர்டுகளுக்கு விண்ணப்பிக்க முடிகிறது, விதிகள் போர்டுக்கு போர்டு மாறும்.

ஏ.பி.பி.எஸ். மூன்றாவது, ஃப்ளோரிடாவின் டாம்பாவில் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டையும் சேராமல் தனியாகப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருகிறது.

என்.பி.பி.ஏ.எஸ். நான்காவது. என் ஜூனியர் கேட்டது இதைப் பற்றித்தான். கதை கொஞ்சம் பெரியது, பின்னால் வருகிறேன்.

இவை தவிர, ஒரே ஒரு துறைக்கென்று இயங்கும் தனி போர்டுகள் எத்தனையோ. உடல் பருமன் மருத்துவத்துக்கு ஏ.பி.ஓ.எம்., தலைவலி மருத்துவத்துக்கு யூ.சி.என்.எஸ். என்று நீளும்.

படி 2: உங்கள் பயிற்சி எந்தக் கதவைத் திறக்கும்

இங்கே ரெசிடென்சி முடித்தவர்களுக்கு இது சுலபமான படி. துறைக்கான போர்டு எது என்று உங்கள் புரோகிராம் டைரக்டருக்கே தெரியும். அவர் கையெழுத்தில்லாமல் விண்ணப்பமும் நகராது.

ஊரில் எம்.டி. முடித்து பல வருடம் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்குத்தான் இந்தப் படி வலிக்கும். சென்னையில் பத்து வருடம் பேராசிரியராக இருந்தாலும், பொது விதி ஒன்றுதான்: ரெசிடென்சியை இங்கே மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். விதிவிலக்குகள் இருக்கின்றன, ஆனால் குறுகியவை. கதிரியக்கவியலில் ஏ.பி.ஆர். ஒரு மாற்று வழி வைத்திருக்கிறது. வெளிநாட்டில் ரெசிடென்சி முடித்தவர், இங்கே அங்கீகரிக்கப்பட்ட ரெசிடென்சி நடக்கும் ஒரே நிறுவனத்தில் நான்கு வருடம் தொடர்ந்து இருந்தால் பரீட்சை எழுதலாம். மயக்கவியலிலும் இதுபோல ஒரு மாற்று நுழைவு உண்டு. இந்த வழியில் போக நினைப்பவர்கள், வேலையில் சேர்வதற்கு முன்பே போர்டுக்கு எழுதி முன் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நான்கு வருடம் உழைத்துவிட்டு அந்தப் பதவி கணக்கில் சேராது என்று கேட்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டென்னசி 2023-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டில் பயிற்சி பெற்ற டாக்டர்கள், இங்கே ரெசிடென்சி செய்யாமலே தற்காலிக லைசென்ஸ் வாங்கி வேலை பார்க்க அது வழி செய்கிறது. வேறு சில மாநிலங்களும் அதே பாதையில் வந்தன. ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் குழுக்களில் 'இனி ரெசிடென்சியே வேண்டாம்' என்று இது சுற்றுகிறது. அந்தச் சட்டங்கள் தருவது லைசென்ஸ் மட்டும். போர்டு எழுதும் தகுதியை எந்த மாநிலச் சட்டமும் தர முடியாது, ஏனென்றால் போர்டு மாநிலத்தின் கையில் இல்லை. அந்த வழியில் போவது தவறு என்று சொல்லவில்லை. உங்களை எடுக்கும் மருத்துவமனை போர்டு இல்லாமல் எத்தனை வருடம் வைத்துக்கொள்ளும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

படி 3: கேட்கப்போகிறவர்களைக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி, நிதானமாகச் செய்யுங்கள். உங்கள் சான்றிதழைப் பார்க்கப்போகிறவர்கள் நான்கு பேர்.

முதலாவது மருத்துவமனை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மருத்துவர் குழுவின் விதிமுறைப் புத்தகம் உண்டு, 'பைலாஸ்' என்பார்கள். வேலை ஒப்பந்தத்தைவிட அதுதான் கடைசி வார்த்தை. மெடிக்கல் ஸ்டாஃப் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் அனுப்பிவிடுவார்கள். அதில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். 'ஏ.பி.எம்.எஸ். அல்லது ஏ.ஓ.ஏ.' என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால் மற்றவற்றுக்கு அங்கே இடமில்லை. 'அல்லது அதற்கு இணையான' என்று ஒரு வால் சேர்ந்திருந்தால் பேசிப் பார்க்க இடமுண்டு, ஆனால் இணையானது எது என்று முடிவு செய்வது அவர்கள் குழு.

மருத்துவமனைகளுக்கான மத்திய அரசின் மெடிகேர் விதியில் ஒரு வாசகம் இருக்கிறது: போர்டு சான்றிதழ் ஒன்றை மட்டுமே வைத்து ஒரு டாக்டருக்கு மருத்துவமனையில் இடம் தருவதோ மறுப்பதோ கூடாது. இதைக் காட்டி வாதாடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் மருத்துவமனை அதைப் பயிற்சி, அனுபவம், நடத்தை என்று மற்றவற்றோடு சேர்த்து ஒரு நிபந்தனையாக வைக்கிறது. 'மட்டுமே' என்ற சொல்லைத் தாண்டிவிட்டதால் விதி மீறப்படுவதில்லை. அந்த வாசகத்தை நம்பி வேலையை விடாதீர்கள்.

இரண்டாவது காப்பீட்டு நிறுவனங்கள். நீங்கள் தனியாகக் கிளினிக் வைத்தாலும் இவர்களிடமிருந்து தப்ப முடியாது. உங்கள் ஊரில் நோயாளிகள் அதிகம் வைத்திருக்கும் முதல் மூன்று நிறுவனங்களின் சேர்க்கை விதிகளைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது மாநிலம். லைசென்ஸுக்கு இல்லை, விளம்பரத்துக்கு. கலிஃபோர்னியாவில் பெயர்ப்பலகையில் 'போர்டு சர்டிஃபைட்' என்று போட ஏ.பி.எம்.எஸ். போர்டு வேண்டும், அல்லது மாநில வாரியம் இணையானது என்று ஏற்ற போர்டு வேண்டும். அப்படித் தனியாக ஏற்கப்பட்டவை கைவிரலில் எண்ணக்கூடியவை: முக அழகுச் சீரமைப்பு அறுவை, வலி மருத்துவம், தூக்க மருத்துவம், முதுகெலும்பு அறுவை. மாநிலம் மாறும்போது இந்த விதியும் மாறும். ஒரு மாநிலத்தில் பெருமையாக மாட்டிய பலகை, அடுத்த மாநிலத்தில் புகாருக்குக் காரணமாகலாம்.

நான்காவது, கற்பிக்கும் ஆசை இருந்தால், ரெசிடென்சிகளை அங்கீகரிக்கும் ஏ.சி.ஜி.எம்.இ. என்ற அமைப்பு. புரோகிராம் டைரக்டர் ஆவதற்குப் பொதுவாக ஏ.பி.எம்.எஸ். அல்லது ஏ.ஓ.ஏ. சான்றிதழைத்தான் அது கேட்கிறது. முப்பது வயதில் அந்த எண்ணம் இல்லாதவர்களுக்கு நாற்பத்தைந்தில் வரும், நான் பார்த்திருக்கிறேன்.

இந்த நான்கு பதில்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலோருக்கு நான்கும் ஒரே பக்கம் கைகாட்டும். அப்படியானால் தேர்வு முடிந்தது.

படி 4: பதில்கள் ஒரே பக்கம் கைகாட்டாதபோது

இதற்கு நல்ல உதாரணம் அவசர சிகிச்சைப் பிரிவு. ஏ.பி.எம்.எஸ். 1979-ல் எமர்ஜென்சி மெடிசினைத் தனித்துறையாக ஏற்றது. ரெசிடென்சி இல்லாமல் அனுபவத்தை மட்டும் காட்டி அந்தப் பரீட்சையை எழுதும் வழி 1988-ல் மூடப்பட்டது. ஆனால் சிறிய ஊர்களில் இரவு இரண்டு மணிக்கு மாரடைப்பு நோயாளியைப் பார்ப்பவர் இன்றும் பல இடங்களில் ஃபேமிலி மெடிசின் படித்தவர்தான். பதினைந்து வருடம் எமர்ஜென்சியில் நின்றவருக்கு, அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் பரீட்சை ஏ.பி.பி.எஸ்.ஸில் இருக்கிறது. அவருக்கு அது அர்த்தமுள்ள சான்றிதழ். வேலை பார்க்கும் மருத்துவமனை ஏற்றுக்கொண்டால் தாராளமாக எழுதலாம், ஏ.பி.எஃப்.எம். சான்றிதழைக் கைவிடாமல். ஆனால் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு மாறும் எண்ணம் இருந்தால் அதை நம்பிப் போக வேண்டாம்.

தனித்துறை போர்டுகளுக்கும் இதே அளவுகோல். ஏ.பி.ஓ.எம். போன்றவை அடிப்படை போர்டு சான்றிதழ் இருந்தால்தான் உள்ளேயே விடும். அது நல்ல அடையாளம்: முதல் மாடியின் மேல் இரண்டாவது மாடி கட்டுகிறார்கள். ஒரு வார இறுதி வகுப்பும் கட்டணமும் மட்டும் கேட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் தருபவர்களும் உண்டு. விண்ணப்பிக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்: பரீட்சைக்கு மேற்பார்வை உண்டா, தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறார்களா, பயிற்சி வகுப்பு விற்பவரும் சான்றிதழ் தருபவரும் ஒருவரேவா, சான்றிதழ் பறிக்கப்பட்டவர் யாராவது உண்டா. கடைசிக் கேள்விக்கு 'இதுவரை யாருமில்லை' என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

வெளியே இருக்கும் போர்டு என்றைக்கும் வெளியிலேயே இருக்கும் என்றும் இல்லை. போதைப் பழக்க மருத்துவத்துக்கு ஒரு தனி போர்டு 2007-ல் தொடங்கி, பல வருடம் ஏ.பி.எம்.எஸ்.ஸுக்கு வெளியே இருந்தது. பிறகு அந்தத் துறையையே ஏ.பி.எம்.எஸ். உட்பிரிவாக ஏற்று, தடுப்பு மருத்துவ போர்டிடம் கொடுத்தது. முன்பே அதில் இறங்கியிருந்தவர்களுக்கு அனுபவ வழி சில வருடம் திறந்திருந்தது. மறுபக்கம், இதய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து தங்களுக்கென்று தனி போர்டு வேண்டும் என்று கேட்டபோது ஏ.பி.எம்.எஸ். 2025-ல் மறுத்துவிட்டது. இன்றும் கார்டியாலஜிஸ்டுகள் ஏ.பி.ஐ.எம்.மின் கீழ்தான். 'சீக்கிரம் அங்கீகாரம் வரப்போகிறது' என்று யாராவது சொன்னால், வந்த பிறகு பணம் கட்டலாம்.

தூக்க மருத்துவம் போன்ற உட்பிரிவுகளில் வேறொரு குழப்பம். அதை ஏ.பி.ஐ.எம்., ஏ.பி.எஃப்.எம்., நரம்பியல்–மனநல போர்டு, குழந்தை மருத்துவ போர்டு என்று பல போர்டுகள் வழங்குகின்றன. எது உயர்ந்தது என்று கேட்கிறார்கள். பரீட்சை ஒன்றேதான். உங்கள் அடிப்படை போர்டு எதுவோ அதன் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

படி 5: வாங்குவதைவிடக் காப்பாற்றுவது பெரிது

1990-க்கு முன் ஏ.பி.ஐ.எம். சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அது ஆயுளுக்கும் செல்லும். அதற்குப் பின் வந்த நம் எல்லோருக்கும் கால வரம்பு. இளையவர்கள் முதல் பரீட்சையின் செலவை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். உண்மையான செலவு அடுத்த முப்பது வருடத்தில் இருக்கிறது: ஆண்டுக் கட்டணம், தொடர்ந்து கற்பதற்காக ஐந்து வருடத்துக்கு 100 புள்ளிகள், அப்புறம் அறிவுச் சோதனை.

ஏ.பி.ஐ.எம்.மில் சோதனைக்கு இரண்டு வழி. பத்து வருடத்துக்கு ஒருமுறை மையத்துக்குப் போய் நாள் முழுக்க எழுதுவது ஒன்று. 2022-ல் வந்த எல்.கே.ஏ. மற்றது: மூன்று மாதத்துக்கு 30 கேள்வி, வீட்டிலிருந்தே, புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். இன்னொரு ஆளைக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். நான் எல்.கே.ஏ. எழுதுபவன். பிள்ளைகள் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு கேள்வியைத் திறந்தால் நான்கு நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கும். சோடியம் குறைந்த ஒரு நோயாளியைப் பற்றிய கேள்விக்கு, ஆய்வக எண்களைப் படித்து முடிக்கவே ஒரு நிமிடம் போய்விடும். புத்தகம் திறந்திருந்தாலும் எங்கே தேடுவது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரவுப் பணி முடித்த களைப்பில் திறந்த கேள்விகளில்தான் நான் அதிகம் தவறவிட்டேன். ஒரு காலாண்டின் 30 கேள்விகளையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், வாரத்துக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற போர்டுகளில் தாளம் வேறு. மயக்கவியல் போர்டில் ஒரு கேள்விக்கு ஒரே நிமிடம். உங்கள் துறையில் எப்படி என்று சேர்வதற்கு முன்பே பாருங்கள். இரண்டு உட்பிரிவு வைத்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக ஓடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சுமைதான் என்.பி.பி.ஏ.எஸ். பிறந்த கதை. ஏ.பி.ஐ.எம். 2014-ல் விதிகளை இறுக்கியபோது ஆயிரக்கணக்கான டாக்டர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். சான் டியேகோவின் கார்டியாலஜிஸ்ட் பால் டைர்ஸ்டீன் அதை முன்னின்று நடத்தினார், பிறகு இந்த மாற்று போர்டையும் தொடங்கினார். 2015 பிப்ரவரியில் ஏ.பி.ஐ.எம். தவறு செய்துவிட்டோம் என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில விதிகளை நிறுத்தி வைத்தது. நான் அந்தக் கோபத்தை முழுதாகப் புரிந்துகொள்பவன். நோயாளியோடு செலவழிக்க வேண்டிய நேரம் படிவங்களில் போனது உண்மை.

ஆனால் என்.பி.பி.ஏ.எஸ். விதியை வாசித்துப் பாருங்கள். ஏ.பி.எம்.எஸ். அல்லது ஏ.ஓ.ஏ. போர்டில் ஒரு முறையாவது சான்றிதழ் வாங்கியவருக்குத்தான் அது. கூடவே செல்லுபடியாகும் லைசென்ஸும், இரண்டு வருடத்தில் 50 மணி நேர சி.எம்.இ.யும் வேண்டும். ஆக, ரெசிடென்சி முடித்துவிட்டு வரும் ஒருவருக்கு அது முதல் வாசலாக இருக்கவே முடியாது. என் ஜூனியர் கேள்விப்பட்டதில் இந்த ஒரு வரி விடுபட்டிருந்தது. அனுபவமுள்ள ஒருவர், தன் மருத்துவமனையின் பைலாஸும் காப்பீட்டு நிறுவனங்களும் அதை ஏற்கின்றன என்று உறுதி செய்துகொண்டால் அங்கே மாறலாம். உறுதி செய்யாமல் பழைய சான்றிதழைக் காலாவதியாக விட வேண்டாம்.

படி 6: நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பயிற்சி முடித்து இன்னும் தேர்ச்சி பெறாத நிலையை 'போர்டு எலிஜிபிள்' என்பார்கள். முன்பு சிலர் ஆயுள் முழுக்க அப்படியே எழுதிக்கொண்டார்கள். இப்போது முடியாது. ஏ.பி.ஐ.எம்.மில் பயிற்சி முடித்ததிலிருந்து ஏழு வருடம். அது கடந்துவிட்டால், மறுபடி ஒரு வருடம் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் மறுபயிற்சி செய்தால்தான் பரீட்சை எழுதவே விடுவார்கள். குடும்பத்தோடு, வீட்டுக்கடனோடு, நாற்பது வயதில் மறுபடி ரெசிடென்டாக நிற்பதை யோசித்துப் பாருங்கள்.

போர்டு ஏழு வருடம் கொடுத்தாலும் உங்கள் மருத்துவமனை இரண்டோ மூன்றோதான் கொடுக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் கெடு. பயிற்சிக்கான ஜே-1 விசாவில் வந்து, ஊர் திரும்பும் நிபந்தனையிலிருந்து விலக்குத் தரும் கான்ராட் 30 திட்டத்தில் மூன்று வருடம் மருத்துவர் பற்றாக்குறையுள்ள ஊரில் வேலை செய்பவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். போர்டு காரணமாக வேலை போனால், பறிபோவது சம்பளம் மட்டுமில்லை, விசாவும் சிக்கலாகும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், குறைந்தது இரண்டு முறை பரீட்சை எழுத அவகாசம் தரும்படி அந்த வரியை மாற்றக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். நம்மவர்கள் கேட்கத் தயங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

படி 7: விண்ணப்பமும் பெயரும்

கட்டணம், கையெழுத்து, லைசென்ஸ் நகல் எல்லாம் வழக்கம்போல. நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல், இனிஷியல். கல்லூரிச் சான்றிதழில் 'கே. செந்தில்குமார்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி 'செந்தில்குமார் கருப்பையா', மாநில லைசென்ஸில் இரண்டும் இடம் மாறி 'கருப்பையா செந்தில்குமார்'. பரீட்சை மையத்தின் வாசலில் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித் திரும்பி வந்து, அடுத்த வருடம்தான் எழுதினார்.

பாஸ்போர்ட், லைசென்ஸ், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ், போர்டின் இணையக் கணக்கு நான்கையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் பரீட்சைக்கு மூன்று மாதம் முன்பே போர்டுக்கு எழுதுங்கள். என் ஜூனியர் பார்த்தபோது அவன் லைசென்ஸில் ஒரு 'எச்' கூடுதலாக இருந்தது. திருத்தி வாங்க ஆறு வாரம் ஆனது. ஆகஸ்டில் எழுதப் போகிறான், ஏ.பி.ஐ.எம்.மில்.